உட்காரும் உரிமை: எல்லைக் கிராமங்களின் கதைகளில் சாதி

அன்று நெய்யாற்றின்கரை வட்டத்தில் இருந்த ஊருட்டம்பலத்தின் அரசுப் பள்ளியில் தீயில் கருகிய ஒரு பழைய பெஞ்சைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1914-இல் புலையர் தலைவர் அய்யங்காளி, பஞ்சமி என்ற புலையர் வீட்டுச் சிறுமியை அழைத்துவந்து இந்தப் பள்ளியில் சேர்க்க முனைந்தார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று திருவிதாங்கூர் அரசு அதற்கு முன்பே ஆணையிட்டிருந்தது. ஆணை தாளில் இருந்தது, ஊர் சம்மதிக்கவில்லை. பள்ளிக்குத் தீ வைத்தார்கள். கலவரம் சுற்றுப்புற ஊர்களுக்கும் பரவியது. கொல்லம் ஆண்டு 1090-ஐ ஒட்டி நடந்ததால் 'தொண்ணூறாமாண்டு லகளை' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

பதிவேடுகளில் கிடைப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். அந்தச் சிறுமியின் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்த பிள்ளையின் வீட்டில் அன்றிரவு என்ன பேசிக்கொண்டார்கள்? தீப்பந்தம் ஏந்திப் போனவன் விடிந்ததும் எந்த முகத்தோடு வயலுக்கு இறங்கினான், அந்த வயலில் வேலை செய்ய யார் வந்தார்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுபவர்கள் கதைகளிடம்தான் போக வேண்டியிருக்கிறது. நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளை கடந்து குழித்துறை, தேங்காய்ப்பட்டணம் வரை நீளும் இந்தச் சிறு நிலப்பரப்பைச் சுற்றி, மலையாளத்திலும் தமிழிலுமாக அப்படிப்பட்ட கதைகள் நிறையவே எழுதப்பட்டிருக்கின்றன. யார் எங்கே உட்காரலாம், யார் நிற்க வேண்டும், யார் கண்ணிலேயே படக்கூடாது என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது.

இன்று பாறசாலை கேரளத்தின் தென்கோடி. சில கிலோமீட்டர் தெற்கே போனால் தமிழ்நாடு. ஆனால் இந்தக் கோட்டுக்கு வயது அதிகமில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் சேர்த்தே கேட்டிருந்தது, கிடைக்கவில்லை. அதற்கு முன்பு இரு பக்கமும் ஒரே அரசின் கீழ், ஒரே வரியும் ஒரே சாதிச் சட்டமுமாக வாழ்ந்த மக்கள். பாறசாலையில் லண்டன் மிஷன் சங்கத்தின் நிலையம் 19-ஆம் நூற்றாண்டிலேயே இயங்கியது. அங்கே பணியாற்றிய ஜான் ஆப்ஸ் தன் 22 ஆண்டு திருவிதாங்கூர் அனுபவத்தை 1870-இல் நூலாக்கினார். 1813-இல் கர்னல் மன்றோ, கிறிஸ்தவரான சாணார் (நாடார்) பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று ஆணையிட்டதில் தொடங்கி 1859 ஜூலை 26-ஆம் நாள் அரச விளம்பரம் வரை நீண்ட தோள்சீலைப் போராட்டம் தென்திருவிதாங்கூர் முழுவதையும் உலுக்கியது. 1888-இல் நாராயண குரு சிவலிங்கம் நிறுவிய அருவிப்புறமும், அய்யங்காளி பிறந்த வெங்ஙானூரும் இதே நெய்யாற்றின்கரை வட்டத்து ஊர்கள்தான்.

இந்த மண்ணைப் பேசும் புனைவில் முதலில் எடுக்க வேண்டியது சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா'. 1891-இல் வெளிவந்த இந்நூல் மலையாளத்தின் முதல் வரலாற்று நாவல். இதில் சாதி எப்படி இடம்பெறுகிறது என்பதைக் கூர்ந்து பார்க்க, நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் நிற்கும் அம்மச்சிப் பிலாவிலிருந்து தொடங்கலாம். எதிரிகளான எட்டு வீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்திவந்தபோது திருவிதாங்கூர் இளவரசர் மார்த்தாண்ட வர்மா இந்தப் பலாமரப் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது ஊர் வழக்கு. மரத்தில் ஒளியச் சொன்னது யார்?

கோயில் வழக்கில் அது ஒரு சிறுவன். சிறுவனாக வந்தவன் கண்ணனே. சி.வி.யின் நாவலில் அது பிராந்தன் சாந்நான், அதாவது பித்துப் பிடித்த சாணான். எங்கிருந்தோ வருகிறான், பித்தன் போலப் பேசுகிறான், இளவரசரைப் பலாப்பொந்தில் மறைத்துக் காப்பாற்றுகிறான். தென்திருவிதாங்கூர் நாடார்களின் வழக்கில் காப்பாற்றியவர் அனந்தபத்மநாபன் என்ற நாடார் வீரர். வேடம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

நாவலில் மட்டும் வேடம் தேவைப்படுகிறது. சி.வி.யின் பிராந்தன் சாந்நான் உண்மையில் சாந்நான் இல்லை. கதை முடிவில் பூச்சும் கிழிசலும் விலகி, அவன் திருமுகத்துப் பிள்ளையின் மகன் அனந்தபத்மநாபன் என்று தெரிகிறது. பஞ்சவன்காட்டில் வெட்டுண்டு இறந்ததாக எல்லாரும் நம்பிய அதே உயர்குலத்து இளைஞன். சாகசக் கதை என்ற அளவில் இது அருமையான முடிச்சு, படிப்பவரைக் கடைசிவரை இழுத்துப் போகும் உத்தி. ஆனால் இதன் வழியாக நாவல் ஒன்றைச் செய்துவிடுகிறது. இளவரசரின் உயிரைக் காத்த கை ஒரு சாந்நானின் கையாக நூல் நெடுகத் தெரிகிறது, முடிவில் ஒரு பிள்ளையின் கையாக மாறிவிடுகிறது. சாந்நானுக்கு வீரம் உண்டு என்று எழுத முடிந்த 1891-இல், அந்த வீரம் சாந்நானுக்கே சொந்தம் என்று எழுத முடியவில்லை. தோள்சீலைக் கலகத்தின் கடைசி விளம்பரம் வந்து அப்போது 32 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சி.வி. வேண்டுமென்றே தாழ்த்தினார் என்று சொல்வது அவருக்கு நியாயம் செய்வதாகாது. அவருடைய பிராந்தன் சாந்நான் மலையாள நாவல் கண்ட மிக உயிர்ப்புள்ள பாத்திரங்களில் ஒருவன். ஆசிரியரின் அன்பு அவன்மேல் இருப்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அப்படி அன்பு இருந்தும் கதையின் கட்டுமானத்துக்குள் சாதி அமர்ந்துகொள்வதுதான் கவனிக்க வேண்டியது. பாத்திரங்கள் வாயில் வரும் ஏச்சைக் கண்டுபிடிப்பது எளிது. முடிச்சு அவிழும் விதத்தில் ஒளிந்திருக்கும் ஏற்றத்தாழ்வைக் கண்டுகொள்ளப் பல தலைமுறை வாசிப்பு தேவைப்படுகிறது.

திருவிதாங்கூர் அடிமைகளைப் பற்றி எழுதப்பட்ட முதல் கதைகளில் ஒன்றான 'காதகவதம்' இன்னொரு விதத்தில் தடுமாறியது. மிஷனரி ஒருவரின் மனைவியான காலின்ஸ் அம்மையார் ஆங்கிலத்தில் எழுதி, 1877-இல் மலையாளத்தில் நூலான இந்தக் கதையில், கொடுமைக்காரச் சிரியன் கிறிஸ்தவ முதலாளியை அடிமை மன்னிக்கிறான். அடிமை முறையைத் திருவிதாங்கூர் 1855-இல் ஒழித்திருந்தது. கதையில் ஒடுக்கப்பட்டவனுக்குக் கிடைத்த பெருமை, மன்னிக்கும் பெருமை மட்டும்.

முற்போக்கானவர்களின் பார்வையிலும் சாதியைக் காணத் தவறும் இடம் இருந்தது. அதற்குச் சான்றும் நெய்யாற்றின்கரையிலேயே உண்டு. 1878-இல் அங்கே பிறந்த ராமகிருஷ்ண பிள்ளை, 'சுதேசாபிமானி' பத்திரிகையில் திவானின் ஊழலை அஞ்சாமல் எழுதினார். 1910 செப்டம்பரில் அச்சுக்கூடம் பறிமுதலானது, அவர் நாடு கடத்தப்பட்டார். கார்ல் மார்க்ஸின் வாழ்க்கையை 1912-இலேயே மலையாளத்தில் தந்தவரும் அவரே. அதே ஆசிரியர், அதே 1910-இல், புலையப் பிள்ளைகளை மற்றச் சாதிப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார வைப்பது குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போன்றது என்ற பொருளில் தலையங்கம் தீட்டினார். அய்யங்காளியும் அவரும் ஒரே வட்டத்துக்காரர்கள். அரசனின் அதிகாரத்தைக் கேள்வி கேட்ட பேனா, பள்ளிக்கூடத்துப் பெஞ்சுக்கு வந்ததும் அரசன் பக்கத்தைவிடவும் பின்னால் போய் நின்றது. அவர் பத்திரிகைச் சுதந்திரத்துக்காகக் கொடுத்த விலை பெரிது, அதை யாரும் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய வரலாற்றை எழுதுபவர்கள் இந்தத் தலையங்கத்தைத் தாண்டிப் போகக்கூடாது.

தமிழ் நாவல் இந்தப் பகுதிக்குள் வந்தபோது வேறொன்று நடந்தது. மேலிருந்து கீழே அழுத்தும் சாதியைக் காட்டுவதோடு நிற்காமல், ஒடுக்கப்பட்ட சமூகம் தனக்குள் கட்டிக்கொண்ட படிகளையும் அது எழுதத் தொடங்கியது. 1964-இல் வெளிவந்த ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' இதில் முன்னோடி. திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் கற்பித்த ஹெப்சிபா, பனைவிளை என்ற ஊரில் ஒரு கிறிஸ்தவ நாடார் குடும்பத்தின் கதையைச் சொன்னார். சொத்தெல்லாம் கரைந்து, பெயர் மட்டும் மிஞ்சிய குடும்பம். அந்த வீட்டுப் பெண் லிஸி, பனையேறி அன்பையனின் மகன் தங்கராஜை விரும்புகிறாள். இருவரும் ஒரே சாதி, ஒரே கோயிலில் ஒரே பைபிளைக் கேட்கிறவர்கள். இருந்தாலும் பனை ஏறுகிறவன் வீட்டுக்குப் பெண் போகக்கூடாது.

வெளியே எந்தச் சாதியால் தாழ்த்தப்பட்டார்களோ, அந்தத் தாழ்வின் அடையாளமாக இருந்த தொழிலையே உள்ளே தாழ்வாகக் கருதும் மனநிலையை ஹெப்சிபா கோபமில்லாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் எழுதுகிறார். லிஸி பெரிய பெண்ணானதும் பள்ளிக்கூடம் நின்றுபோகிறது. அதை யாரும் கொடுமை என்று நினைக்கவில்லை. வீட்டின் மானத்துக்கு அதுதான் வழி என்று எல்லாரும், பாசம் மிக்க தாத்தா கண்ணப்பச்சி உட்பட, நம்புகிறார்கள். நாவலில் வில்லன் என்று ஒருவரைக் காட்ட முடியாததற்குக் காரணம் இந்த நம்பிக்கைதான். ஆண் எழுத்தாளர்களின் கதைகளில் சாதி பெரும்பாலும் சந்தையிலும் கச்சேரியிலும் கோயில் வாசலிலும் தெரிகிறது. 'புத்தம் வீடு' அதை அடுக்களைக்கும் திண்ணைக்கும் நடுவே வைத்துக் காட்டுகிறது. அறுபது ஆண்டுகள் கழிந்தும் அதன் வலு குறையாததற்கு இந்த இடத்தேர்வு முக்கியக் காரணம்.

குழித்துறை ஆறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணத்தைச் சேர்ந்த தோப்பில் முஹம்மது மீரானும் தன் சமூகத்தின் உட்புறத்தையே எழுதினார். பள்ளியில் மலையாளம் படித்தவர். தமிழைப் பேச்சாக அறிந்து, எழுத்தாகப் பின்னால் அடைந்தவர். எல்லையின் இரண்டு மொழிகளும் கலந்த அந்த நடை, அவர் எழுதியதைவிட வேறு எந்த நடையிலும் அந்தக் கதைகளைச் சொல்லியிருக்க முடியாது என்று எண்ண வைக்கிறது. 1988-இல் வந்த 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் சொல்லே ஊரின் சட்டம். ஆங்கிலப் பள்ளி ஊருக்குள் வருவதை மார்க்கத்தின் பெயரால் எதிர்க்கிறார்கள். எதிர்ப்பின் அடியில் இருப்பது, படித்த ஏழை முதலாளிக்கு முன்னால் குனிந்து நிற்க மாட்டான் என்ற அச்சம். ஊருட்டம்பலத்தில் பள்ளியை எரித்தவர்களுக்கும் அகமதுக்கண்ணுக்கும் மதம் வேறு, காலம் வேறு. அச்சம் ஒன்று.

1997-இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற அவருடைய 'சாய்வு நாற்காலி', உட்காரும் அதிகாரம் அழுகிப்போன கட்டத்தைக் காட்டுகிறது. தென்பத்தன் ஊரின் பெரிய குடும்பத்து முஸ்தபாக்கண்ணுக்கு மிஞ்சியிருப்பவை, மார்த்தாண்ட வர்மாவுக்குத் துணைநின்ற முன்னோரின் பெருமையும் அந்த நாற்காலியும். அதில் சாய்ந்தபடியே வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார். வீட்டுப் பெண்களின்மேல் பிரம்பு இறங்குகிறது. சி.வி. வீர காவியமாகப் பார்த்த அதே வரலாற்றை, அதில் பங்குபெற்ற ஒரு குடும்பத்தின் கடைசித் தலைமுறையின் வழியாக மீரான் பார்த்தார். அரசனுக்கு உதவி செய்ததால் கிடைத்த மேன்மை, இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு வீட்டுக்குள் அடிப்பதற்கான உரிமையாகச் சுருங்கிவிட்டிருக்கிறது. இந்த இரு நாவல்களையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்குத் தென்திருவிதாங்கூர் வரலாறு வேறு முகம் காட்டும்.

விளவங்கோட்டுக்காரரான ஜெயமோகனின் 'அறம்' தொகுதி 2011-இல் வந்தது. அதில் உள்ள 'வணங்கான்' கதையில் மார்ஷல் நேசமணி ஒரு பாத்திரமாக வருகிறார். 1895-இல் பள்ளியாடியில் பிறந்த நேசமணி, நாகர்கோவில் நீதிமன்றத்துக்கு வழக்கறிஞராகப் போன காலத்தில், உயர்சாதி வக்கீல்களுக்கு நாற்காலியும் மற்றவர்களுக்கு முக்காலியும் போடும் வழக்கம் இருந்தது. தண்ணீர்ப் பானையும் தனித்தனி. அவர் அந்த ஏற்பாட்டைக் காலால் உதைத்துத் தள்ளினார் என்பது குமரி மாவட்டத்தில் பிள்ளைகளுக்கும் தெரிந்த நிகழ்ச்சி. கதையில், கொத்தடிமை நிலையிலிருந்து தப்பிப் படித்து அரசு அலுவலரான கறுத்தான் என்ற நாடாருக்கு அவமானம் நேரும்போது, நேசமணி அவரை யானைமேல் ஏற்றி ஊர்வலமாக அழைத்துப் போகிறார். யானைமேல் ஏறிய அந்த மனிதர் பிறகு தன் மகனுக்கு வணங்கான் என்று பெயர் வைக்கிறார். இங்கே வேடம் இல்லை, கடைசிப் பக்கத்தில் வேறு குலமும் வெளிப்படுவதில்லை. கறுத்தான் கறுத்தானாகவே மேலே அமர்கிறார். பிராந்தன் சாந்நானுக்குக் கிடைக்காதது, 120 ஆண்டுகள் கழித்து, அதே மண்ணைப் பற்றிய இன்னொரு கதையில் கிடைத்தது.

அதே தொகுதியில் உள்ள 'நூறு நாற்காலிகள்' இந்த வெற்றியை நம்ப மறுக்கிறது. கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட நாயாடிக் குலத்தில் பிறந்த தர்மபாலன், நாராயண குருவின் வழிவந்த ஒரு துறவியின் ஆதரவில் படித்து இந்திய ஆட்சிப் பணிக்கு வருகிறார். நேர்காணலிலேயே அவருடைய பிறப்பைச் சுட்டும் கேள்வி வருகிறது: தீர்ப்புச் சொல்ல வேண்டிய வழக்கில் ஒருபக்கம் நாயாடி இருந்தால் என்ன செய்வாய்? நீதி என்பதன் அடிப்படை சமத்துவம் என்றால், அந்த இடத்தில் ஏற்கெனவே அநீதிக்கு ஆளானவன் நாயாடிதான் என்ற கருத்தில் அவர் பதில் சொல்கிறார். பணி கிடைக்கிறது. பதவி கிடைத்த பிறகும் அலுவலகம் அவரை அதிகாரியாக ஏற்பதில்லை.

இந்தக் கதை தாங்க முடியாததாக ஆவது தாயின் வருகையால். குப்பையில் தின்று தெருவில் வாழும் அந்த முதியவள், மகன் சட்டை போடுவதையும் நாற்காலியில் உட்காருவதையும் கண்டு நடுங்குகிறாள். கொன்றுவிடுவார்கள், கழற்றிவிடு, இறங்கிவிடு என்று கெஞ்சுகிறாள். உட்கார விடாதவனின் குரல், உட்கார விடப்படாதவளின் வாயிலிருந்தே, அன்பின் பெயரால் வருகிறது. சாதி எவ்வளவு ஆழம் போகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான காட்சி அண்மைக்காலத் தமிழில் அரிது. ஹெப்சிபாவின் கண்ணப்பச்சி தன் மேன்மையைப் பாசத்தால் காத்தார். இந்தத் தாய் தன் தாழ்வைப் பாசத்தால் காக்கிறாள்.

இதே கதையின் மலையாள வடிவமாக ஜெயமோகனே எழுதிய 'நூறு சிம்ஹாசனங்கள்' கேரளத்தில் பல பதிப்புகள் கண்டு, பெருந்திரளான வாசகர்களை அடைந்தது. அந்த வரவேற்பைப் போற்றும்போதே இரண்டு கேள்விகளையும் கேட்டாக வேண்டும். நாயாடிகள் பெரும்பாலும் மலபாரில் வாழ்ந்தவர்கள், மானிடவியலாளர் ஏ. அய்யப்பன் 1937-இல் எழுதிய நூலும் மலபார் நாயாடிகளைப் பற்றியதே. கதை அவர்களைத் தெற்கே கொண்டுவருகிறது. புனைவுக்கு அந்த உரிமை உண்டு என்றாலும், தென்திருவிதாங்கூரின் புலையரும் பறையரும் அனுபவித்த அன்றாடக் கொடுமை, மிக அரிதான ஒரு குலத்தின் உச்சக் கொடுமைக்குப் பின்னால் மங்கிப்போகும் ஆபத்தும் இருக்கிறது. உச்சத்தைப் படித்துக் கண்ணீர் விடும் வாசகர், பக்கத்து வீட்டில் நடப்பது அவ்வளவு மோசமில்லையே என்று நிம்மதி அடையக் கூடும். இரண்டாவது, இது அந்தச் சமூகத்துக்கு வெளியே பிறந்த ஒருவர் எழுதிய கதை. தர்மபாலன் 'நான்' என்று பேசுகிறார். அந்த 'நான்' கடன் வாங்கப்பட்டது. கதையின் தரத்தை இது குறைப்பதில்லை. கடன் வாங்காத குரல்கள் எத்தனை அச்சேறியிருக்கின்றன என்று பதிப்பாளர்களையும் விமர்சகர்களையும் கேட்க வைக்கிறது.

எல்லையில் சாதியோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-இல் எழுதிய 'தோட்டியுடெ மகன்' ஆலப்புழை நகரத்துத் துப்புரவுத் தொழிலாளர்களின் மூன்று தலைமுறைக் கதை. அவர்களின் பெயர்கள் இசக்கிமுத்து, சுடலைமுத்து. தெற்கத்தித் தமிழ்த் தெய்வங்களின் பெயர்களைச் சுமந்தவர்கள், மலையாள நகரத்தின் மலத்தைச் சுமக்கிறார்கள். சுடலைமுத்து தன் மகனுக்கு மோகனன் என்று பெயரிடுகிறான். அந்தப் பெயர் மாற்றத்தில், சாதியை மட்டுமின்றி, இழிவோடு ஒட்டிப்போன தமிழ் அடையாளத்தையும் உதறிவிட வேண்டும் என்ற தவிப்பு தெரிகிறது. இந்த நாவலை நாகர்கோவிலில் இருந்து சுந்தர ராமசாமி 'தோட்டியின் மகன்' என்று தமிழாக்க, 1950-களில் அது 'சரஸ்வதி' இதழில் வந்தது. நூல் வடிவம் பெற 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த 1950-கள் எல்லை கொதித்த காலம். 1954 ஆகஸ்ட் 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தாய்த் தமிழகத்தோடு இணையக் கேட்டவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதே 1954-இல்தான் சி.வி.யின் 'மார்த்தாண்டவர்மா' தமிழாக்கம் வெளியானது. இரு ஆண்டுகளில் கோடு விழுந்தது. பள்ளிப் பாடநூல்களும் நூலகங்களும் பரிசுக் குழுக்களும் இரண்டாகப் பிரிந்தன. இன்று பாறசாலையில் மலையாளம் படிக்கும் மாணவர் பிராந்தன் சாந்நானை அறிவார், லிஸியை அறிய வாய்ப்புக் குறைவு. சில கிலோமீட்டர் தாண்டிக் குழித்துறையில் தமிழ் படிப்பவருக்கு லிஸியைத் தெரியும், ஊருட்டம்பலத்துப் பெஞ்சு தெரியாது. ஒரே வரலாற்றின் ஒரே காயத்தைப் பேசும் நூல்கள் இவை. களியக்காவிளையின் இருபுறமும் இருக்கும் கல்லூரிகள் தங்கள் மலையாளத் துறையையும் தமிழ்த் துறையையும் ஒரே மேசைக்கு அழைத்து, இந்த ஐந்தாறு நூல்களையாவது ஒரு பருவம் சேர்த்துப் படிக்கச் செய்யலாம். மொழிபெயர்ப்பு பெரிய தடையாக இராது. அந்த ஊர்களில் பலர் இரண்டு மொழியும் பேசுகிறார்கள்.